மூத்தவளைக் கடற்கரைக்கு அனுப்பு, தம்பி

இறக்காமம்

அன்புத் தம்பிக்கு ராத்தா எழுதுவது.

உம்மா சுகமாக இருக்கிறா. சீனி வருத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கு. முழங்கால் நோவுதான் விட்டபாடில்லை. சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்தது. நெல்லை வீட்டில் அடுக்கிவிட்டு, விலை ஏறுமா என்று மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் வளவு மாமரத்தில் ஒரு கொப்பு கச்சான் காற்றுக்கு முறிந்து கிணற்றடியில் விழுந்தது. ஆள் பிடித்து வெட்டிப் போட்டாச்சு, அதுக்கு நீ யோசிக்காதே.

இவ்வளவும் போனில் சொல்லக்கூடியதுதான். இனிச் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிட்டு மச்சிக்கு எடுத்துச் சத்தம் போடுவாய். அவள் பாவம். அதனால் கடிதமாக எழுதி, லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கொடுத்து விடுகிறேன். ஆறுதலாக இரண்டு தரம் வாசி. அதுக்குப் பிறகும் கோபம் இருந்தால் எனக்கு எடு, அவளுக்கு எடுக்காதே.

உன் மூத்த மகள் இனி ஒலுவில் கடற்கரைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். அவள் அழவுமில்லை, என்னிடம் முறையிடவுமில்லை. "வாப்பா வேணாங்கிறாரு மாமி, நான் இனி வரல்ல" என்றாள், அவ்வளவுதான். ஏ.எல். எழுதி முடித்து, கம்பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று மூலைக்குள் கிடந்த பிள்ளை கொஞ்ச மாதமாகத்தான் முகம் தெளிந்து திரிகிறாள். தூரத்தில் இருக்கிற உனக்கு அது தெரியாது. தினமும் பார்க்கிற எனக்குத் தெரியும்.

அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை போல. பிள்ளைகள் குளித்துக் கூத்தடிக்கப் போவதில்லை. கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற இரண்டு பிள்ளைகள், என்னைப் போல விஞ்ஞானம் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள், வயது போன ஒரு கரைவலைத் தண்டயல், இவ்வளவு பேரும் சேர்ந்து நடத்துகிற தொண்டர் பயிற்சி அது. கரை எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் பழக்குகிறோம். ஒதுங்குகிற குப்பையை வகை பிரித்து எழுதப் பழக்குகிறோம். காற்றையும் நீரோட்டத்தையும் தண்டயல் சொல்லிக் கொடுக்கிறார். அவர் பேசத் தொடங்கினால் நாங்கள் ஆசிரியர்களும் கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

அண்மையில் ஒரு கடலாமை செத்து ஒதுங்கியிருந்தது. கண்டவன் எல்லாம் போனை நீட்டிப் படம் எடுத்தான். உன் மகள் கையுறையை மாட்டிக்கொண்டு குந்தி, ஓட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற தகடுகளை எண்ணினாள். பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு நாலுதான் வரும், பெருந்தலை ஆமைக்கு ஐந்து. இதுக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஏழு. "ஒலிவ் ரிட்லி" என்று எழுதினாள். மறுகா நாடாவை ஓட்டின் வளைவோடு வைத்து நீளம் எடுத்தாள், கழுத்தில் தங்கூசி இறுக்கின அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தாள், எங்கே எந்த நேரம் கிடந்தது என்று குறித்தாள். இலங்கைக் கரைக்கு முட்டையிட வருவது ஐந்து வகை ஆமை, ஐந்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று சுற்றி நின்ற சின்னப் பொடியன்களுக்கு அவளே சொன்னாள். நாற்றம் தாங்க முடியவில்லை. அவள் முகம் சுளிக்கவில்லை. அந்த நேரம் நீ பார்த்திருக்க வேண்டும், தம்பி.

உன் பயம் எனக்குத் தெரியாததா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், சுனாமி வந்த அன்று. மருதமுனையில் சாச்சியைத் தேடி எடுத்தவன் நீதான். எத்தனை மையித்தைப் புரட்டி முகம் பார்த்தாய் என்று நீ வாய் திறந்து சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். எத்தனை மாதம் இந்த வீட்டில் கடல் மீன் வாங்காமல் இருந்தோம்! அடுத்த வருஷம்தான் மூத்தவள் பிறந்தாள். இன்றைக்கும் நீ கல்முனைக்குப் போனால் கடற்கரை வீதியால் போகமாட்டாய், சுற்றித்தான் போவாய். நான் கண்டும் காணாததுபோல இருந்திருக்கிறேன். அது உன் மனசுக்குள் கிடக்கிற காயம், அதைக் கிண்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பயத்தை அவள் தலையில் ஏற்றி வைக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு சுமாத்ரா பக்கம் நிலம் அதிர்ந்தது எங்கள் நேரத்துக்குக் காலை 6.58. எங்கள் கரையில் தண்ணீர் ஏறியது அதுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்து. இரண்டு மணித்தியாலம் இருந்தால் சாச்சி நடந்தே வந்திருப்பா. யாருக்கும் தெரியாது, சொல்ல ஆளில்லை, இந்து சமுத்திரத்துக்கு என்று எச்சரிக்கை ஏற்பாடும் அப்போது இல்லை. அதே காலையில், அந்த நிலநடுக்கத்துக்கு மிகக் கிட்ட இருந்த சிமெலுவே என்ற தீவில் ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். இறந்தது 7 பேர். 1907இல் அங்கே வந்த அலையை மூத்தம்மாமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நிலம் ஆடினதும் சனம் மலைக்கு ஓடிவிட்டது. தாய்லாந்தில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுப் பிள்ளை, வகுப்பில் படித்ததை வைத்துக் கடலின் போக்கைக் கண்டுபிடித்து, கரையில் நின்ற சனத்தையே வெளியேற்ற வைத்தாள்.

கடல் முதலில் வற்றும், அதைப் பார்த்து ஓடலாம் என்று எங்கள் ஆட்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. நாங்கள் நிலநடுக்கத்துக்கு மேற்குப் பக்கம். எங்களுக்கு முதலில் வந்ததே ஏறுகிற அலை. ஆகவே கடல் வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, அறிவித்தல் வந்த உடனே உள்ளே போக வேண்டும், ஒரு அலையோடு முடிந்தது என்று சாமான் எடுக்கத் திரும்பி வரக் கூடாது. இதை உன் மகள் பயிற்சியில் படித்துவிட்டு வந்து உம்மாவுக்குச் சொன்னாள். உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இத அண்டைக்கு ஆரும் சொல்லியிருந்தா" என்றா. மறுகா ஒன்றும் பேசவில்லை. அவளை வீட்டில் பூட்டி வைத்தால் கடல் தூரமாகிவிடாது, தம்பி. அவள் நாளைக்கு எந்த ஊரில் இருப்பாளோ, யார் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பாளோ, தெரிந்துகொண்டு இருக்கட்டும்.

ஒலுவிலுக்கு நீ கடைசியாக எப்போது போனாய்? துறைமுகம் வருவதுக்கு முன்னராக இருக்கும். டென்மார்க் நிதியுதவியில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்தார்களே, அதுக்குப் பிறகு நீ பார்த்திருந்தால் கரையை உனக்கு அடையாளமே தெரியாது. எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் கல்லணையை நீட்டினதும் அந்த மணல் தெற்குப் பக்கத்திலும் துறைமுக வாயிலும் தங்கிவிட்டது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அலை மட்டும் போய்க் கரையைத் தின்றது. தென்னந்தோப்பு விழுந்தது, தோணி இழுத்து வைத்த இடம், வாடி இருந்த இடம், வலை காயப்போட்ட இடம் எல்லாம் தண்ணீருக்குள். நிந்தவூர் வரைக்கும் அரிப்பு. மறுபக்கத்தில் துறைமுக வாயை மண் மூடி, படகு வெளியே போக முடியாமல் கடற்தொழிலாளர் திரும்பத் திரும்ப வீதிக்கு இறங்கினார்கள். ஒரே மணல்தான், வேண்டாத இடத்தில் குவிந்து, வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது.

அந்த ஊரார் வாயால் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் எந்த மாதத்தில், எந்த இடத்தில், எத்தனை மீற்றர் என்று ஊரார் தாங்களே அளந்து எழுதின ஒரு கொப்பி கையில் இருந்திருந்தால் அவர்கள் பேச்சுக்கு இருந்திருக்கும் பெலனே வேறு என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த வேலையில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

அளக்கிற விதம் இவ்வளவு இலேசா என்று நீ கேட்பாய். 1961இல் எமரி என்ற அமெரிக்கக் கடல் ஆய்வாளர் எழுதி வைத்த முறை. ஒரே உயரமான இரண்டு கம்பு, சென்றிமீற்றர் கோடு போட்டது. நடுவில் ஒரு கயிறு. ஒருத்தி கரைப் பக்கம் நிற்பாள், மற்றவள் கடல் பக்கம். பின்னால் நிற்கிறவள் முன் கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு அவளுடைய கம்பில் எங்கே வெட்டுகிறதோ, உச்சியிலிருந்து அவ்வளவு தூரம் நிலம் இறங்கியிருக்கிறது. வாயால் சொல்லுவாள், மூன்றாவது ஆள் எழுதுவாள், மறுகா கயிறளவு முன்னே நகர்வார்கள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் போனால் கரையின் சரிவு முழுக்கக் கொப்பியில் வந்துவிடும். மாரிக்கு முன்னர் ஒரு முறை, மாரி போய்க் கடல் அடங்கினதும் ஒரு முறை, அதே இடத்தில் அளந்தால் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று தெரியும். கரீபியன் தீவுப் பாடசாலைப் பிள்ளைகள் யுனெஸ்கோவின் சாண்ட்வாட்ச் திட்டத்தில் எத்தனையோ வருஷமாகத் தங்கள் கரையைத் தாங்களே அளந்து வந்திருக்கிறார்கள்.

ஒலுவிலில் ஒரு கஷ்டம் இருக்கு. அளவு தொடங்குகிற இடத்தில் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும். மதில் என்று வைத்தோம், மதிலுக்குக் கீழே மண் கரைந்துவிட்டது. தென்னை மரம் என்று வைத்தோம், வேர் வெளியே தெரிகிறது, அடுத்த மாரிக்கு நிற்காது. வீதிக்கு அப்பால் உள்ள மின்கம்பத்தை உன் மகள்தான் காட்டினாள்: "இது போனா ஊரே போயிரும் மாமி, அதுவரைக்கும் நிக்கும்." இப்போது அதிலிருந்துதான் அளக்கிறோம்.

இனி உங்கள் டோஹாச் சங்கத்துப் பணத்துக்கு வருகிறேன். செப்டெம்பர் மூன்றாவது சனி, உலகம் முழுக்கக் கரை துப்பரவு செய்கிற நாள், அன்றைக்கு ரீசேர்ட்டும் தொப்பியும் அடித்துக் கொடுக்கப் போகிறீர்களாம். வேண்டாம் தம்பி. நல்ல மனசோடு செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்படியான நிகழ்வுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பனர் கட்டுவார்கள், பிரதம அதிதி பிந்தி வருவார், வெயிலில் பிள்ளைகள் காய்வார்கள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், சோத்துப் பார்சல், படம், முடிந்தது. பொறுக்கின குப்பையை லொறியில் ஏற்றினால் அது எங்கே போகிறது? எங்கள் பக்கத்துக் குப்பையெல்லாம் போய்க் கொட்டுப்பட்ட பள்ளக்காட்டை உனக்குத் தெரியும். அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று 8 வருஷத்தில் சுமார் 20 யானை செத்தது என்று 2022இல் உலகப் பத்திரிகையெல்லாம் எழுதின. கடலில் இருந்து எடுத்து யானைக்குக் கொடுப்பதுக்கா இந்தப் பாடு?

அந்தத் துப்பரவு நாளைத் தொடங்கினவர்கள் 1986இல் டெக்சாஸ் கரையில் இரண்டு பெண்கள். பொறுக்கினதோடு விடாமல், என்னென்ன கிடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். அந்த எழுத்துத்தான் இன்றுவரை அந்த நாளின் உயிர். எங்கள் தாளை உன் மகள் தமிழில் தயாரித்தாள். சொப்பிங் பேக், யோகட் கப், சம்போ பைக்கட், ரெஜிபோம், தங்கூசி, வலைத்துண்டு, வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் என்று வரிசையாகக் கட்டம். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைகளே பார்த்துப் பார்த்துக் கோடு போடுகிறார்கள். 20 மில்லிலீற்றரும் அதுக்குக் குறைந்ததுமான சின்னப் பைக்கட்டுகளையும், பெட் பிளாஸ்டிக்கில் அடைத்த விவசாய மருந்தையும் அரசாங்கம் 2021 மார்ச் 31இலிருந்து தடை செய்தது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் பைக்கட்டில் விலக்கு. தடை வந்த பிறகும் கரையில் அது கிடக்கிறதா, குறைகிறதா? எண்ணினால்தானே சொல்லலாம்! அதே 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் குருணி கரை முழுக்கக் கொட்டினபோது, பேர்ள் புரடெக்டர்ஸ் போன்ற தொண்டர்கள் சல்லடையோடு இறங்கி மணலை அரித்தார்கள். பழக்கம் இருந்ததால்தான் அவர்களால் இறங்க முடிந்தது.

"நாங்க குளத்துச் சனம், எங்களுக்கு என்னத்துக்குக் கடல்?" என்று மச்சியிடம் கேட்டாயாம். சரி, கேட்கிறேன். நம்முடைய வயலில் மருந்தடித்த போத்தலை எங்கே எறிகிறோம்? வாய்க்கால் கட்டில். முதல் மழைக்கு அது வாய்க்காலுக்குள், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குள், ஆற்றோடு கடலுக்கு. ஒலுவில் கரையில் அந்தப் போத்தல்களைக் கண்டதும் மூத்தவள் ஒன்றைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். மச்சான் அடிக்கிற அதே மருந்து. வீட்டுக்கு வந்து அவரிடம் காட்டினாள். இப்போது போத்தலை எல்லாம் உரப்பையில் சேர்த்துக் கட்டிச் சாய்ப்பில் வைத்திருக்கிறார். பக்கத்து வயல்காரர் இன்னும் எறிகிறார்கள்தான். அவர்களையும் இந்தப் பெரும்போகத்துக்குள் பேசிப் பார்க்க வேண்டும்.

பொம்பிளைப் பிள்ளை என்று யோசிக்கிறாய், அதையும் நான் தள்ளிவிடவில்லை. பாடசாலை வேனில் போகிறோம், நான் கூடவே போகிறேன், மஃரிபுக்கு முன்னர் வீடு வந்துவிடுகிறோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறுகிற இடத்துக்கு ஒருவரும் இறங்கக் கூடாது. விசில் அடித்தால் எல்லோரும் மேலே வர வேண்டும், தலை எண்ணித்தான் வேன் எடுக்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அளக்கப் போவதே இல்லை. கரையில் சனம் ஏதும் கதைக்கும் என்றால், கதைக்கிற சனத்தின் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள். சென்னையில் 1988இலிருந்து மாணவர்கள் ஒரு ஆமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறார்கள். முட்டையிடுகிற காலத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் இரவிரவாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பெண் பிள்ளைகளும்தான் நடக்கிறார்கள். நான் உன் மகளை இரவில் நடக்கக் கேட்கவில்லை. வெளிச்சத்தில் கம்பு பிடிக்கத்தான் கேட்கிறேன்.

ஒன்று மனசில் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாள் கூட்டமாக வருவார்கள், படம் போடுவார்கள், மறுகா குறைந்துவிடுவார்கள். அளவு என்றால் வருஷக்கணக்கில் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற ஆள் வேண்டும். எனக்கும் பென்ஷன் வயது நெருங்குகிறது. அந்தக் கொப்பியை யாரிடம் கொடுப்பது என்று நினைக்கும்போது எனக்கு உன் மகள் முகம்தான் வருகிறது. கம்பஸ் கிடைத்து அவள் போனாலும் சரிதான். விடுமுறைக்கு வந்து அளப்பாள், சின்னவளுக்குப் பழக்குவாள். உன்னைப் போலவே அவளுக்கும் எடுத்ததை விடாத குணம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவளுக்கே எடுத்துப் பேசு. மச்சி மூலம் சொல்லாதே, அவளுக்கே சொல். அவள் எடுத்த அளவுகளைக் காட்டச் சொல்லிக் கேள். ரீசேர்ட் பணத்தைச் சங்கம் மாற்றித் தர ஒத்துக்கொண்டால், துருப்பிடிக்காத கம்பியில் ஒரு சின்னச் சட்டம் செய்து கரையோரத்தில் நாட்டலாம். போனை அதில் வைத்து யார் படம் எடுத்தாலும் ஒரே கோணத்தில் விழும். சிட்னியில் 2017இல் கோஸ்ட்ஸ்னாப் என்று தொடங்கினார்கள், அந்தப் படங்களை வரிசையாக வைத்துக் கரைக் கோடு எப்படி நகர்கிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். எங்கள் படங்களையும் அளவுக் கொப்பியின் பிரதியையும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒலுவில் கம்பஸுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். உனக்கும் அனுப்புவேன்.

பணம் இல்லாவிட்டாலும் ஒரு சாமான் மட்டும் கட்டாயம் அனுப்பு: 50 மீற்றர் அளவு நாடா. இரும்பில் வேண்டாம், உப்புக்குத் துருவேறிவிடும். ஃபைபரில் பார். இலக்கம் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சடித்ததாக இருக்க வேண்டும். செப்டெம்பர் நடுவில் மச்சானின் மருமகன் வருகிறானாம், அவனிடம் கொடுத்து விட்டால் அந்தச் சனிக்கு முன்னர் கைக்கு வந்துவிடும்.

உன் ராத்தா